மைனா ஏன் தரையைப் பிறாண்டுகிறாள்?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை பெண் நாய் மைனாவுக்கு இரண்டரை வயது, எடை 18 கிலோ. போன ஆவணியில் பழைய சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு வீடு முழுக்க டைல்ஸ் போட்டோம். அதிலிருந்தே மதியத்தில் வராந்தாத் தரையைப் பிறாண்டுவாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பத்து நாளாக ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் புகுந்து விடாமல் பிறாண்டுகிறாள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. என் சின்ன மகளின் கரடிப் பொம்மையைக் கவ்விக்கொண்டு போய் அங்கே வைத்திருக்கிறாள். எடுக்கப் போனால் உறுமுகிறாள். சாப்பாடும் குறைந்துவிட்டது. புத்தாண்டை ஒட்டிப் பருவத்துக்கு வந்தாள். மூன்று வாரமும் மாடியில் அடைத்து வைத்திருந்தோம், எந்த நாயோடும் சேரவில்லை. ஒன்றுக்கு இருந்துவிட்டு வாசலில் பின்னங்காலால் மண்ணைச் சீய்க்கும் பழக்கமும் உண்டு. என் கணவர் பேப்பரைச் சுருட்டி அடித்துப் பார்த்தார், பலனில்லை. நாய் வீட்டுக்குள் குழி பறித்தால் குடும்பத்துக்கு ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். ஒரு தடவை குட்டி போட விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம் (மார்ச் 28)

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று பிறாண்டல்கள் இருக்கின்றன. மதியம் வராந்தாவில் ஒன்று, வாசலில் ஒன்று, ராத்திரி கட்டிலுக்கு அடியில் ஒன்று. மூன்றையும் ஒரே கெட்ட பழக்கமாக எடுத்துக்கொண்டதால்தான் எதைச் செய்தாலும் பலிக்கவில்லை. நாய் தரையைப் பிறாண்டுகிறது என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த இடத்தில், எந்த நேரத்தில், முன்னங்காலாலா பின்னங்காலாலா, பிறாண்டி முடித்ததும் படுக்கிறதா, மோந்து பார்க்கிறதா, ஓடுகிறதா? நான் கேட்காமலே நீங்கள் இதில் பாதியை எழுதிவிட்டீர்கள். அந்தக் கரடிப் பொம்மையையும் பருவத்துக்கு வந்த நாளையும் எழுதியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த இரண்டும்தான் விஷயமே.

கட்டிலுக்கு அடியில் நடப்பதை முதலில் பார்ப்போம், அவசரம் அங்கேதான். புத்தாண்டை ஒட்டிப் பருவத்துக்கு வந்தவளுக்கு மூன்று வாரத்தில், அதாவது ஜனவரி கடைசி வாக்கில், பருவம் முடிந்திருக்கும். மார்ச் நடுவில் பிறாண்டல் தொடங்கியிருக்கிறது. நடுவில் ஏழு வாரம். இருட்டான மூலை, முன்னங்காலால் தோண்டுவது, மெத்தென்ற பொம்மையை வைத்துக் காப்பது, சோற்றில் நாட்டம் குறைவது எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் அது பொய்ச்சினைதான். மைனா தனக்குக் குட்டி பிறந்துவிட்டதாகவோ பிறக்கப் போவதாகவோ நம்புகிறாள். குட்டிகளுக்கு வளை தோண்டுகிறாள். டைல்ஸில் குழி விழாது என்பது அவளுக்குத் தெரியாது. குழி விழாததால்தான் விடிய விடியத் தோண்டுகிறாள்.

இணை சேராத நாய்க்கு இது எப்படி வரும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஊரில் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், சினை நிற்காத பசு 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினை இல்லை என்பதை அதன் உடம்பு சீக்கிரமே கண்டுகொள்கிறது. நாயின் உடம்பு அப்படி இல்லை. சினை நின்றாலும் நிற்காவிட்டாலும் பருவம் முடிந்த பிறகு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு அதன் சினைப்பை புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அது இறங்கும் நேரத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். பால் சுரக்க வைப்பதும் குட்டியைத் தேட வைப்பதும் அதுதான். சினையான நாயும் ஆகாத நாயும் கிட்டத்தட்ட ஒரே ஹார்மோன் பாதையில்தான் நடக்கின்றன, ஒன்றுக்குக் குட்டி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. ஓநாய்க் கூட்டத்தில் தாய் ஓநாய் குட்டி போடும்போது மற்றப் பெண் ஓநாய்களும் அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள இது உதவியிருக்கும் என்று விலங்கியலாளர்கள் கருதுகிறார்கள். ஆக இது நோயும் இல்லை, புத்திக் கோளாறும் இல்லை. உங்கள் மாமியாரிடமும் இதை இப்படியே சொல்லுங்கள்: மைனா வீட்டுக்கு ஆகாத குழி எதையும் பறிக்கவில்லை, பிள்ளைக்கு இடம் தேடுகிறாள். பிள்ளை பெற்ற பெரியவருக்கு அது சட்டென்று புரியும். யாருக்காவது கொடுத்துவிடும் எண்ணத்தையும் அவர் விட்டுவிடுவார் என்று நம்புகிறேன்.

ஆனால் பொய்ச்சினை என்று நானோ நீங்களோ சொல்லி முடிக்கும் முன் வேறு இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்த அன்றே, தள்ளிப்போனால் மறுநாளே, மைனாவைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

முதலாவது, நிஜமாகவே சினையாக இருக்கலாம். மாடியில் அடைத்து வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் பருவத்தில் இருக்கும் நாயைத் தேடி வரும் ஆண் நாய் எந்தச் சுவரையும் ஏறும், சிப்பிப்பாறை எந்தச் சுவரையும் தாண்டும். துணி காயப்போட மாடிக் கதவைத் திறந்து வைத்த நேரம் போதும். நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஜனவரி நடுவிலோ கடைசியிலோ சேர்ந்திருந்தால் இப்போது குட்டி போடும் வேளை. குட்டி போடுவதற்கு முந்தின நாளில் எந்த நாயும் இப்படித்தான் தரையைத் தோண்டும். ஒல்லியான உடம்புள்ள சிப்பிப்பாறைக்கு நிறைய குட்டி இருந்தால் வயிறே காட்டிக்கொடுத்துவிடும், ஒற்றைக் குட்டியாக இருந்தால் வெளியே தெரியாமல் போகலாம். இத்தனை நாளில் குட்டியின் எலும்பு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். ஒரு படம் எடுத்தால் சந்தேகம் போய்விடும்.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருவது. பருவம் முடிந்த நாலு முதல் எட்டு வாரத்துக்குள் சில பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும். சாப்பாடு குறைவது அதற்கும் அறிகுறி. பிறப்புறுப்பு வழியாகச் சீழோ கலங்கிய இரத்தமோ வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது, உள்ளேயே நிறைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். வீட்டில் நீங்களே பார்க்கக்கூடிய அறிகுறி தண்ணீர்தான். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள், காலியானால் மறுபடி அளந்தே ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். குளியலறை வாளி, செடித் தொட்டி எதிலும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி சாதாரணம். மைனாவுக்கு அது ஒரு லிட்டர். வெயிலுக்குக் கொஞ்சம் கூடலாம். ஒன்றே முக்கால் லிட்டரைத் தாண்டினாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ, வயிறு உப்பினாலோ விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். பொய்ச்சினை நாய் பரபரப்பாக இருக்கும், கருப்பையில் சீழ் பிடித்த நாய் சோர்ந்து போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பார்த்தால் டாக்டருக்கு உறுதியாகத் தெரிந்துவிடும்.

இரண்டு சந்தேகமும் நீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொய்ச்சினை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். அதுவரை மடியைத் தொடாதீர்கள். பால் கட்டியிருக்கிறதே என்று பரிதாபப்பட்டுப் பீய்ச்சி விடுவார்கள், எண்ணெய் தடவி நீவி விடுவார்கள். காம்பைத் தொடத் தொடப் பால் இன்னும் ஊறும். அவளே நக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், அதற்குக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கிடைக்கும். மடி சூடாக, சிவந்து, கல்லாக இருந்தால் மட்டும் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். பால் வற்ற வேண்டும் என்று தண்ணீரை நிறுத்தும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலில் அதைச் செய்யவே கூடாது.

மிகவும் தவிக்கிறாள், பால் நிற்கவில்லை என்றால் கேபர்கோலின் என்ற மருந்து இருக்கிறது. புரோலாக்டினைக் குறைக்கும். இதைக் கடையில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது, நிஜமான சினையாக இருந்தால் இதே மருந்து கருவைக் கலைத்துவிடும். எக்ஸ்ரேவை நான் இவ்வளவு வற்புறுத்த இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு புரோலாக்டினை ஏற்றிவிடும். சாப்பிட மறுக்கிறாள், குமட்டல் போலிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்து இதை முற்ற வைத்துவிடாதீர்கள்.

இப்போது அந்தக் கரடிப் பொம்மை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அதை எடுக்காதீர்கள். உங்கள் மகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள், சின்னக் குழந்தை என்றால் அந்த அறைக்கதவைச் சாத்தியே வையுங்கள். மூலையில் முடங்கிக் குட்டியைக் காக்கும் தாய், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும். அவள் உறுமுவது உங்களுக்குத் தரும் எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிப்பாள். உங்கள் கணவரிடம் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, தூக்கம் கெட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் குட்டிக்கு ஆபத்து என்று பயந்திருப்பவளை அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் ஆழமாகத் தோண்டுவாள். அதட்டுவதிலும் பலனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு வீடே எழுந்து வந்து பேசினால், பிறாண்டினால் எல்லோரும் வருவார்கள் என்றுதான் நாய்க்குப் பதியும். மைனா கடித்தது கீறியது என்று எது நடந்தாலும், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பொம்மையை எடுக்கச் சரியான நேரம் அவள் வீட்டில் இல்லாத நேரம். ஒருவர் வாக்கிங் கூட்டிப் போகட்டும். அந்த அரைமணி நேரத்தில் இன்னொருவர் பொம்மையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடலாம். கட்டிலுக்கு அடியில் நுழைய முடியாதபடி டிரங்குப் பெட்டியோ பலகையோ வைத்து அடைத்துவிடுங்கள். பொம்மை போனதும் செருப்பு, சாக்ஸ், தலையணை உறை என்று வேறு ஏதாவது ஒன்றைப் பிள்ளையாக்கிக்கொள்வாள், எல்லாவற்றையும் மேலே ஏற்றி வையுங்கள். ஒன்றிரண்டு நாள் தேடி அழுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும், மனம் இளகித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் வாக்கிங் நேரத்தைக் கூட்டுங்கள், வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கட்டிப் போட மட்டும் வேண்டாம். சங்கிலியில் கட்டிய நாய் கட்டிய இடத்தையே பிறாண்டும்.

ஒரு தடவை குட்டி போட விட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. என்னிடம் வருபவர்களில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அப்படி எதுவும் ஆவதில்லை. குட்டி போட்ட நாய்க்கும் அடுத்த பருவத்துக்குப் பிறகு பொய்ச்சினை வரும். குட்டிகளுக்கு வீடு தேடி நீங்கள் அலைவதுதான் மிச்சமாகும். தெருவில் விடப்படும் சிப்பிப்பாறைக் குட்டிகளை இந்தப் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

அடுத்து, மதிய வராந்தா. இது எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே மைனா செய்வது முழுக்க நியாயம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் இருக்கின்றன, அதுவும் கொஞ்சம். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதிலும் குளிர்ந்த இடத்தில் வயிற்றை ஒட்டிப் படுப்பதிலும்தான் அது சூட்டை இறக்குகிறது. வெயிலில் கிடந்த மேல்மண்ணைக் காலால் தள்ளிவிட்டு அடியிலிருக்கும் குளிர்ந்த மண்ணில் படுப்பது எல்லா நாய்க்கும் பிறவியிலேயே வந்தது. மரத்தடியில் தெருநாய் படுத்து எழுந்த இடத்தைப் பாருங்கள், அதன் உடம்பளவுக்கு வளைவாக ஒரு பள்ளம் இருக்கும். உங்கள் வராந்தாவில் மதிய வெயில் நேராக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் டைல்ஸ் சூடேறிவிடும். சூடான மேல்பகுதியைத் தள்ளிவிட்டால் அடியில் குளிர்ச்சி வரும் என்று அவள் பிறாண்டுகிறாள். வரவில்லை, மறுபடி பிறாண்டுகிறாள்.

இன்னொன்று, சிப்பிப்பாறையின் உடம்பு. ஓட்டத்துக்கென்றே வளர்த்த இனம், கொழுப்பே கிடையாது, முடியும் மிகக் குட்டை. முழங்கை, இடுப்பு எலும்பு எல்லாம் நேரே தரையில் படும். மைனாவின் முன்னங்கால் முழங்கையைத் தடவிப் பாருங்கள். தோல் தடித்து, முடி உதிர்ந்து, சாம்பல் பூத்து இருந்தால் தரை அவளை உறுத்துகிறது என்று அர்த்தம். பலமுறை சுற்றிவிட்டு, பிறாண்டி, படுத்து, எழுந்து, மறுபடி பிறாண்டுவது அதனால்தான். பழைய சிமென்ட் தரையும் கடினமானதுதான், ஆனால் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது, எழும்போது கால் வழுக்கவில்லை.

இதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. இரண்டு கோணிச் சாக்கைச் சேர்த்து மடித்துத் தைத்து, அவள் பிறாண்டும் இடத்துக்கு நிழல் வரும்படி போடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை மதியத்தில் ஒரு சாக்கை மட்டும் நனைத்துப் பிழிந்து போடலாம். பஞ்சு மெத்தை வேண்டாம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிய்த்துப் பஞ்சைத் தின்றுவிட்டால் குடலில் அடைக்கும்.

கொல்லையில் நிழலான இடம் இருந்தால் இன்னும் நல்லது. வேப்பமரத்தடியிலோ சுவர் நிழலிலோ நாலடி நீளம், மூன்றடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டிச் சுற்றிலும் செங்கல் அடுக்கி மணலைக் கொட்டுங்கள். வீடு வேலை நடந்திருக்கிறதே, மிச்ச மணல் கிடக்கும், ஆனால் சிமென்ட், சுண்ணாம்பு கலக்காத மணலாக இருக்க வேண்டும், அவை பாதத்தை எரிக்கும். தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். முதல் நாள் அவள் எதிரிலேயே ஒரு கொட்டாங்குச்சிக்குள் கோழித்துண்டு வைத்து அரைகுறையாகப் புதைத்துக் காட்டுங்கள். அவள் தோண்டி எடுக்கட்டும், தட்டிக்கொடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஆழம். வீட்டுக்குள் பிறாண்டத் தொடங்கினால் சத்தம் போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணலுக்குக் கூட்டிப் போங்கள். பிறாண்டி முடித்த பிறகு திட்டினால் எதற்காகத் திட்டுகிறீர்கள் என்று நாய்க்குப் புரியாது, செய்த நொடியும் திட்டும் நொடியும் அதற்கு ஒட்டாது. பெரும்பாலான நாய்கள் சில வாரத்தில் மணலுக்குப் பழகிவிடும். பூனை வந்து அதில் அசுத்தம் செய்யாமல் இருக்க ராத்திரியில் ஒரு தகரத்தைப் போட்டு மூடி வையுங்கள்.

சிப்பிப்பாறை வளர்ப்பவர் எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த இனத்தை நம் ஊர்க்காரர்கள் முயல் துரத்த வளர்த்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது அந்த வேட்டை குற்றம், அது நல்லதுதான். ஆனால் நாயின் கால் அப்படியே இருக்கிறது. நாளெல்லாம் டைல்ஸ் தரையில் சுற்றி வரும் சிப்பிப்பாறைக்கு அந்த வேகம் எங்கே போகும்? வேலி போட்ட தோட்டமோ, ஆளில்லாத பள்ளி மைதானமோ, அனுமதி வாங்கி தினமும் இருபது நிமிடமாவது அவிழ்த்துவிட்டு முழு ஓட்டம் ஓட விடுங்கள். தோல்வாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவளுக்குப் போதாது. வெயில் ஏறும் முன் போங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அவள் பாதமும் தாங்காது.

வாசலில் பின்னங்காலால் சீய்ப்பதைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம். பாதத்திலிருக்கும் சுரப்பிகளின் வாடையை மண்ணில் விட்டுச் செல்கிறாள், இது என் இடம் என்று மற்ற நாய்களுக்குத் தெரிய. ஆண் நாய் மட்டுமல்ல, பெண் நாயும் செய்யும்.

ஒரு முறை பாதத்தையும் நகத்தையும் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் மடியில் கிடத்தி விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். உண்ணி நம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் இடம் காதும் விரலிடுக்கும்தான். விரலிடுக்கு சிவந்து, ஈரமாக, புளித்த வாடை அடித்தால் பூஞ்சை. வெளிர் நிற முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் நாள்கணக்கில் நக்கியிருக்கிறாள், அது உமிழ்நீரின் கறை, ஒவ்வாமையாக இருக்கலாம். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத் தோல் வழியாகவே உள்ளே புகும், அப்போதும் அரிக்கும். பாதம் அரிக்கிற நாயும் தரையில் காலைத் தேய்க்கும். இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தரை துடைக்கும் ஃபினாயிலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஈரம் காயும் முன் நடந்த நாயின் பாதம் எரியும், நக்கினால் வாயும் எரியும்.

நகம் டைல்ஸில் டக் டக் என்று கேட்கிறதா? நிற்கும்போதே தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. டைல்ஸ் வந்தபின் நகம் தேயவில்லை. நாய்க்கென்று விற்கும் நகவெட்டியால் நுனியை மட்டும், அரிசி மணி அகலத்துக்கு, வாரம் ஒருமுறை வெட்டுங்கள். வெளிர் நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக இரத்தக்குழாய் தெரியும், அதைத் தொடக் கூடாது. கறுப்பு நகமாக இருந்தால் முதல் தடவை மருத்துவமனையில் வெட்டச் சொல்லி அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் வந்தால் சோள மாவைத் தொட்டு நுனியில் வைத்துப் பஞ்சால் சில நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். நகம் குட்டையானால் பிறாண்டல் நிற்காது, ஆனால் சத்தமும் டைல்ஸில் கீறலும் பாதியாகக் குறையும். அந்த அளவுக்காவது வீட்டார் தூங்கலாம்.

மைனாவை இனி குட்டி போட விடும் எண்ணம் இல்லை என்றால் கருப்பையையும் சினைப்பையையும் எடுக்கும் ஆபரேஷனைச் செய்துவிடுங்கள். பொய்ச்சினையும் திரும்ப வராது, கருப்பையில் சீழ் பிடிக்கும் பயமும் போய்விடும். ஆனால் இப்போது செய்யக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கப் போன அன்றே, வந்தது வந்தோம், முடித்துவிடலாம் என்று கேட்காதீர்கள். பொய்ச்சினை நடக்கும்போது சினைப்பையை எடுத்தால் புரோஜெஸ்டிரான் திடீரென்று இறங்கி, இந்த நிலை அடங்காமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொள்ளும். கருப்பையில் சீழ் இருந்தால் மட்டும்தான் அன்றே அறுக்க வேண்டும். மற்றபடி ஏப்ரலில் எல்லாம் அடங்கட்டும். பால் முழுக்க வற்றி, மடி பழையபடி சுருங்கி, பொம்மையைத் தேடாமல் ஒரு மாதம் கழியட்டும். அவளுடைய அடுத்த பருவம் ஜூலை வாக்கில் வரலாம், அதற்கு முன் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவுக்குள் ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை நேரமாக இருந்தால் நல்லது. எத்தனை மணி நேரம் பட்டினி என்று டாக்டர் சொல்லும் கணக்கை அப்படியே கடைப்பிடியுங்கள். சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும், இனம் என்னவென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தையல் ஆறும்வரை பத்துப் பன்னிரண்டு நாளைக்கு மணல்குழியை மூடி வையுங்கள், கூம்பை ராத்திரியிலும் கழற்றாதீர்கள்.